வண்டியே வீடு என்றால் அட்ரஸ் எது?

போன எபிசோடில் அமெரிக்காவில் வேனிலும் மோட்டார்ஹோமிலும் வாழ்கிறவர்களைப் பற்றிப் பேசியிருந்தோம். அதற்கு வந்த கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் தனியாகப் பதில் சொல்லணும்னு தோன்றியது. "மோட்டார்ஹோம் ஓனர்ஸ் கிளப்னு சொன்னீங்களே, வருஷா வருஷம் காசு கட்டி அதுல சேர்றதுல என்னங்க லாபம்? வெறும் டிஸ்கவுண்ட் கார்டுதானே?"

டிஸ்கவுண்ட் உண்டு, அதை முதலில் முடித்துவிடுவோம். குட் சாம் என்ற கிளப்பில் உறுப்பினராக இருந்தால், அவர்களோடு இணைந்த கேம்ப்கிரவுண்டுகளில் வாடகையில் 10 சதவீதம் கழிவு. பாஸ்போர்ட் அமெரிக்கா என்று இன்னொன்று, அதில் பாதி வாடகை. ஆனால் சீசன் நாளில் கிடையாது, வார இறுதியில் கிடையாது என்று ஊருக்கு ஒரு நிபந்தனை இருக்கும். வருஷத்தில் எத்தனை ராத்திரி காசு கொடுத்துத் தங்குவீர்கள் என்று எண்ணிப் பார்த்தால் கணக்கு தெரிந்துவிடும். இதற்கு ஒரு எபிசோட் தேவையில்லை.

அந்த குட் சாம் கிளப்பே டிஸ்கவுண்டுக்காகத் தொடங்கியது இல்லை. 1966இல், டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்காக வந்துகொண்டிருந்த ஒரு பத்திரிகைக்கு யூட்டா மாநிலத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதினார். வண்டியின் பின்னால் எல்லாரும் ஒரே மாதிரி ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாமே, வழியில் வண்டி நின்றுபோனால் அதே ஸ்டிக்கர் ஒட்டிய இன்னொருவர் நிறுத்தி உதவட்டுமே என்பதுதான் யோசனை. பைபிளில் வருகிற நல்ல சமாரியன் கதையிலிருந்து பெயர். செல்போன் இல்லாத காலம், ஆளில்லாத நெடுஞ்சாலை. அன்றைக்கு அந்த ஸ்டிக்கர்தான் இன்சூரன்ஸ்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது எஸ்கேபீஸ் என்ற கிளப். 1978இல் ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் என்ற தம்பதி ஆரம்பித்தது. அவர் எலக்ட்ரீஷியன், அம்மா நர்ஸ். வேலை கிடைக்கிற ஊருக்கு வண்டியோடு போவது, முடிந்ததும் அடுத்த ஊர் என்று வாழ்ந்தவர்கள். வீட்டை விற்றுவிட்டு நிரந்தரமாக வண்டியிலேயே வாழ்கிறவர்களுக்கு என்ன குறையும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும்.

முதலில் குறைவது அட்ரஸ்.

நம்ம வேலையில் இருப்பவர்களுக்கு உடனே புரியும். எந்த ஃபார்மை எடுத்தாலும் முகவரிக் கட்டம் காலியாக இருந்தால் சப்மிட் ஆகாது. டேட்டாபேஸ் டிசைன் பண்ணினவனுக்கு, முகவரி இல்லாத ஒரு மனுஷன் இருப்பான் என்று தோன்றியிருக்கவே மாட்டேங்குது. சென்னையில் மேன்ஷனில் தங்கிக்கொண்டு கேஸ் கனெக்‌ஷன் வாங்க அலைந்தவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். அமெரிக்காவில் டிரைவிங் லைசென்ஸ், வண்டிப் பதிவு, வண்டி இன்சூரன்ஸ், வாக்காளர் பட்டியல் எல்லாமே ஒரு மாநிலத்தின் ஒரு முகவரியோடு கட்டப்பட்டவை. சொந்தமாக வாங்கும் ஹெல்த் இன்சூரன்ஸில் என்ன பிளான் கிடைக்கும், பிரீமியம் எவ்வளவு என்பதைக்கூட நீங்கள் எந்த ஊர்க்காரர் என்பதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். வண்டி 40 அடி நீளம், உள்ளே கட்டில், அடுப்பு, ஷவர் எல்லாம் இருக்கு. ஆனால் சிஸ்டத்தைப் பொறுத்தவரை நீங்கள் எங்கேயும் இல்லை.

டெக்ஸாஸ் மாநிலத்தில், ஹூஸ்டனுக்கு வடக்கே லிவிங்ஸ்டன் என்று ஒரு சின்ன ஊர். எஸ்கேபீஸ் தலைமையகம் அங்கே. உறுப்பினருக்கு அந்த ஊரில் ஒரு முகவரி தருகிறார்கள். உங்கள் சார்பாகத் தபாலை வாங்கிக்கொள்ளலாம் என்று தபால் துறையின் ஒரு ஃபார்மில், அடையாளச் சான்று காட்டி, கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். அதன்பிறகு உங்கள் தபாலை வாங்கிச் சேர்த்து வைத்து, இந்த வாரம் அரிசோனாவில் இருக்கிறேன் என்றால் அங்கே அனுப்பி வைப்பார்கள். வந்து குவிகிற தபாலுக்காக அந்த கிளப்புக்கென்றே ஒரு தனி ஜிப் கோடு, 77399. டெக்ஸாஸில் மாநில வருமான வரி கிடையாது என்பது போனஸ்.

இதை இன்று பல கம்பெனிகள் வியாபாரமாகவே செய்கின்றன. அப்புறம் எதற்கு கிளப் என்று கேட்கலாம். வித்தியாசம் சிக்கல் வரும்போது தெரியும். 2000ஆம் ஆண்டு வாக்கில் லிவிங்ஸ்டன் இருக்கும் போக் கவுன்டியில், ஊரில் வசிக்காத இந்த வண்டிக்காரர்கள் எப்படி இங்கே ஓட்டுப் போடலாம் என்று எதிர்ப்புக் கிளம்பி, விஷயம் கோர்ட் வரை போனது. உள்ளூர்க்காரர் கோபத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கு என்றுதான் சொல்வேன். சின்ன ஊர்த் தேர்தலை, அங்கே இல்லாதவர்கள் திருப்பிவிட முடியும். ஆனால் அங்கே ஓட்டு இல்லை என்றால் அவர்களுக்கு நாட்டில் எங்கேயுமே ஓட்டு இல்லையே. தனி ஆளாக, ஊர் ஊராகப் போய்க்கொண்டே கேஸ் நடத்த முடியுமா? கிளப் பின்னால் நின்றது, வாக்குரிமை தப்பியது. இந்தப் பிரச்சினை ஓய்ந்துவிடவும் இல்லை. இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் முகவரி வைத்திருக்கும் சவுத் டகோட்டாவில், வாக்காளராகப் பதிய குறைந்தது 30 நாள் மாநிலத்தில் வசித்திருக்கணும் என்று 2023இல் சட்டம் வந்தது.

ரெண்டாவது குறைவது, உடம்பு முடியாமல் போனால் பார்த்துக்கொள்ள ஆள். நோமேட்லாண்ட் படம் பார்த்தவர்களுக்கு இந்த பயம் தெரியும். வீட்டை விற்றாச்சு, பிள்ளைகள் வேறு மாநிலத்தில், இருப்பது வண்டி மட்டும். ஒரு ஆபரேஷன் முடிந்து மூணு மாசம் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னால்? முதியோர் இல்லத்துக்குப் போனால் வண்டியையும் விட்டுக்கொடுக்கணும்.

எஸ்கேபீஸ் இதற்கு ஒரு வழி செய்தது. லிவிங்ஸ்டனிலேயே கேர் என்று ஒரு இடம், லாப நோக்கமில்லாத தனி அமைப்பு. உங்கள் வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, உங்கள் கட்டிலிலேயே படுத்துக்கொள்ளலாம். சாப்பாடு பொதுக்கூடத்தில். துணி துவைக்க, கூட்டிப் பெருக்க, டாக்டரிடம் அழைத்துப்போக ஆள் உண்டு. ஆபரேஷன் முடிந்து தேறும் வரைக்கும் இருந்துவிட்டுக் கிளம்புகிறவர்களும் உண்டு, இனி ஓட்டவே முடியாது என்று தங்கிவிடுகிறவர்களும் உண்டு. உதவிக்கு வரும் வாலன்டியர்களில் பலர் இதே கிளப் உறுப்பினர்கள். தங்கள் வண்டியைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் போவார்கள்.

அதனால் கேள்வி கேட்ட நண்பருக்கு: லீவுக்கு ரெண்டு வாரம் வண்டியை வாடகைக்கு எடுத்துச் சுற்றப் போகிறீர்கள் என்றால் எந்த கிளப்பும் வேண்டாம், அந்தக் காசுக்கு டீசல் போடுங்க. வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், கொடுப்பதற்கு முன்னாடி சேர்ந்துவிடுங்கள். புது முகவரிக்கு லைசென்ஸ், பேங்க், இன்சூரன்ஸ் மூன்றையும் மாற்றி முடிக்கும் வரைக்கும் பழைய முகவரி கையில் இருக்கணும்.