இல்லத்துக் கணக்கும் தாயின் கோப்பையும்



அன்றாட இல்வாழ்க்கையிலே சிக்கனத்தைக் கைக்கொள்வது எவ்வாறு என்பது பற்றிச் சில வார்த்தைகள் கூற வந்துள்ளேன். நான் பொருளியல் நிபுணன் அல்லன். கிராமத்து அரசாங்கப் பாடசாலையொன்றின் அதிபர். ஆயினும் ஊரிலுள்ள வீடுகளின் நிலைமையை அறிய எனக்குப் பெரிய ஆராய்ச்சி தேவைப்படுவதில்லை. மாணவர் வரவு இடாப்பைப் பார்த்தாலே போதும். மாதத்தின் 20 ஆம் திகதிக்குப் பின்னர் அதிலே வராதோர் தொகை கூடும். பஸ்ஸுக்குக் காசில்லை, கொப்பி முடிந்துவிட்டது, சப்பாத்துக் கிழிந்துவிட்டது என்பனவே பிள்ளைகள் கூறும் காரணங்கள்.

2022 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே, கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி, ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட விலைகள் ஏறத்தாழ நூற்றுக்கு 70 வீதம் உயர்ந்திருந்தன. உணவுப் பொருள்களின் விலையோ ஏறத்தாழ 95 வீதம் உயர்ந்திருந்தது. அத்தகைய காலத்தைக் கடந்து வந்த குடும்பங்களைப் பார்த்து, "சிக்கனமாயிருங்கள்" என்று உபதேசிக்க நாக்கூசுகின்றது. இல்லாதவன் எதைச் சிக்கனஞ் செய்வது என்று நீங்கள் கேட்கலாம். அக்கேள்வியை நானும் கேட்டவனே. அதற்கு விடை கற்பித்தவள் எட்டாந்தரத்து மாணவி ஒருத்தி.

கணித பாடப் பயிற்சியாக, ஒரு மாதத்து வீட்டுச் செலவையும் அன்றாடச் சாப்பாட்டையும் எழுதிவருமாறு பிள்ளைகளிடம் கூறியிருந்தோம். அம்மாணவியின் கொப்பியிலே, மாதக் கடைசி இரவுகளுக்கு நேரே, "பாண், சம்பல், நான்கு பேர்" என்று எழுதப்பட்டிருந்தது. அவள் வீட்டிலே ஐந்து பேர். "ஒருவரை எண்ண மறந்துவிட்டாயே, பிள்ளை" என்றேன். "இல்லை, சேர். அம்மா இரவிலே சாப்பிடுவதில்லை. பசியில்லையாம்" என்றாள்.

நேயர்களே, அந்த வீட்டிலே சிக்கனம் ஏற்கனவே நடந்துகொண்டுதான் இருந்தது. அது தாயின் கோப்பையிலே நடந்தது. கணக்கில்லாத வீடுகளிலெல்லாம் முதலிற் குறைவது அந்தக் கோப்பைதான். ஆகவே சிக்கனம் என்பது வயிற்றைச் சுருக்கும் வித்தையன்று. எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கலாகாது என்று குடும்பம் முழுவதும் கூடித் தீர்மானிக்கும் முறையே சிக்கனம்.

அதற்கு முதற்படி எழுதுதல். ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும் போதும். ஒரு மாதம் முழுவதும், ஒரு ரூபாவும் தவறாமல், யார் செலவழித்தாலும் எழுதப்படல் வேண்டும். மேற்சொன்ன மாணவியின் தந்தையார் மேசன் வேலை செய்பவர். முதலிலே அவருடைய கைச்செலவு கொப்பியில் இடம்பெறவில்லை. அவரிடம் கேட்கும் துணிவு எவருக்கும் இருக்கவில்லை. பின்னர் அவர் தாமாகவே எழுதினார். தேநீர்க் கடைக்கும் வெற்றிலைக்குமாக நாளொன்றுக்கு 100 ரூபா. 30 நாளைக்கு 3,000 ரூபா. பெற்றார் கூட்டத்துக்கு வந்தபொழுது, "நான் ஊதாரியல்ல, சேர். ஆனால் அது மூவாயிரம் என்று எனக்குத் தெரியாது" என்றார். அவர் தேநீரை முற்றாக விடவில்லை. பாதியாகக் குறைத்தார். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் கூறியதன் பொருள் இதுவேயாகும்.

இரண்டாவது படி, செலவுக்கு முன்னரே ஒரு பங்கை எடுத்துவைத்தல். மிஞ்சினாற் சேமிப்போம் என்பவருக்கு ஒருநாளும் மிஞ்சுவதில்லை. நம் பாட்டிமார் உலையிலே அரிசியிடுமுன் ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையிலே போட்டுவைத்தார்கள். அப்பிடியரிசி சமைத்த சோற்றிலே மிஞ்சியதன்று, சமைக்குமுன் எடுத்தது. காசுக்கும் விதி அதுவே. கூலி கைக்கு வந்த அன்றே, சிறு தொகையாயினும், அதை ஒதுக்கிவிடுதல் வேண்டும். ஒதுக்கிய பணம் வீட்டிலே கிடந்தாற் கரையும். இந்நாட்டிலே 1832 இல் இலங்கைச் சேமிப்பு வங்கியும், 1885 இல் தபாற்கந்தோர்ச் சேமிப்பு வங்கியும் தோன்றின. இவை இணைந்து 1972 இல் தேசிய சேமிப்பு வங்கியாயின. சிறு தொகை வைப்போருக்காகவே இவை தோற்றுவிக்கப்பட்டவை. ஆகவே கொண்டுசெல்லும் தொகை சிறிதென்று வெட்கப்படத் தேவையில்லை.

அயலவர் கூடிப் பிடிக்கும் சீட்டும் நல்லதே. பத்துப் பேர் மாதம் 1,000 ரூபா வீதம் கட்டினால், ஒவ்வொருவருக்கும் ஒருமுறை 10,000 ரூபா கிடைக்கும். முதலில் எடுப்பவருக்கு அது வட்டியில்லாக் கடன். கடைசியில் எடுப்பவருக்கு அது சேமிப்பு. ஆனால் நன்கறிந்தவர்களோடு மட்டுமே சீட்டுப் பிடித்தல் வேண்டும்.

மூன்றாவதாக, ஓசையின்றி ஒழுகும் செலவுகளைக் கவனிக்க. 60 உவாற்று மின்குமிழொன்று நாளுக்கு 5 மணித்தியாலம் எரிந்தால், 30 நாளிலே 9 அலகு செல்லும். அதற்கு நிகரான ஒளிதரும் 9 உவாற்று எல்.ஈ.டி. குமிழுக்கு ஒன்றரை அலகும் செல்லாது. உடைகளை நாள்தோறும் ஒவ்வொன்றாக அழுத்தாது, வாரத்துக்கு ஒருமுறை சேர்த்து அழுத்துக. கடலையையும் பயற்றையும் முதல்நாளிரவே ஊறவைத்து, பானையை மூடிச் சமைத்தால் எரிபொருள் மீதப்படும். சீனி, தேயிலை, சவர்க்காரத்தூள் முதலியவற்றைச் சிறு பைக்கற்றுகளாக நாள்தோறும் வாங்குபவர், பெரும்பாலும் கூடிய விலையே கொடுக்கின்றார். சேமித்த காசிலிருந்து ஒருமுறை மொத்தமாக வாங்கினால், அவ்வித்தியாசம் மாதந்தோறும் கையில் நிற்கும்.

இவையெல்லாவற்றிலும் பெரிய ஒழுக்கு வட்டியாகும். நூற்றுக்கு மாதம் 5 வட்டியென்றாற் சிறிதாகத் தோன்றும். 10,000 ரூபாக் கடனுக்கு அது மாதம் 500 ரூபா; ஓராண்டுக்கு 6,000 ரூபா. அவ்வளவும் கட்டிய பின்னரும் முதல் அப்படியே நிற்கும். பிள்ளையின் நோய்க்காகப் பட்ட கடன் தவிர்க்க முடியாதது. ஆனால் பூப்புனித நீராட்டு விழாவிலே மண்டபத்துக்கும் வீடியோவுக்கும் அயலாரை மிஞ்சும் விருந்துக்கும் பட்ட கடன் அத்தகையதன்று. விழா ஒருநாளிலே முடியும். அதே பெண்பிள்ளையின் படிப்பு அக்கடனால் நின்றுவிட்டதை நான் பலமுறை கண்டிருக்கின்றேன்.

இறுதியாக, குறைக்கலாகாதவை எவையெனவும் கூறிவிடுகின்றேன். பிள்ளையின் காலையுணவைக் குறைக்காதீர்கள். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது. விலையுயர்ந்த மாப்பேணிகளைக் குறைக்கலாம். வேலியிலுள்ள முருங்கையிலையையும், பருப்பையும், நெத்தலிக் கருவாட்டையும் குறைக்க வேண்டியதில்லை. பாடசாலைச் செலவைக் குறைக்காதீர்கள். தாயின் சாப்பாட்டைக் குறைக்கவே குறைக்காதீர்கள்.

இன்றிரவு சாப்பிட அமரும்பொழுது, வீட்டிலே எத்தனை பேர், எத்தனை கோப்பைகள் வைக்கப்பட்டுள்ளன என்று ஒருமுறை எண்ணிப்பாருங்கள். இரண்டு தொகையும் ஒன்றாயிருந்தால், உங்கள் கணக்கு நேரான வழியிலே தொடங்குகின்றது. இல்லையேல், அந்தக் குறைவையே நாளைய கொப்பியின் முதல் வரியாக எழுதுங்கள்.