தட்டெறியும் கை

காற்றிலே ஒரு தட்டை வீசுவது எளிய செயலாகவே தோன்றும். அதனைக் குறித்த இடத்திற்குச் செலுத்துவதோ பயின்று பெறவேண்டிய கலையாகும். டிஸ்க் கோல்ப் என்னும் விளையாட்டைக் கற்கப் புகுவோர் முதல் நாளிலேயே இவ்வுண்மையை உணர்ந்துகொள்வர்.

இவ்விளையாட்டிற் பந்துமில்லை, மட்டையுமில்லை. 21 சென்றிமீற்றர் அளவு விட்டமுள்ள பிளாஸ்ரிக் தட்டே கருவி; சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையே இலக்கு. மிகக் குறைந்த எறிகளில் தட்டைக் கூடையிற் சேர்ப்பவர் வெற்றி பெறுவர். அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலுள்ள ஓக் குரோவ் பூங்காவில், 1975ஆம் ஆண்டு, எட் ஹெட்ரிக் என்பவர் இதற்கென நிலையான திடலொன்றை அமைத்தார். அன்று கம்பங்களே இலக்குகளாயிருந்தன. சங்கிலிக் கூடை பின்னர் அவராலேயே உருவாக்கப்பட்டது.

புதிதாகக் கற்பவர் தம் புயவலிமையையே நம்புகின்றார். முழுப்பலத்தையுங் கொண்டு வீசுகின்றார். தட்டு வானை நோக்கி எழுந்து, நடுவழியில் தயங்கி, பக்கத்தே சரிந்து விழுகின்றது. பலம் போதவில்லையென எண்ணி மேலும் வலிந்து எறிகின்றார். தட்டு மேலும் உயர்ந்து விழுகின்றது. எஞ்சுவது முழங்கை வலியே. குறை பலத்தில் இல்லை; தட்டின் முன்விளிம்பு மேனோக்கி நிற்பதிலேயே உள்ளது.

பம்பரம் சுழலும்வரை நிமிர்ந்து நிற்கின்றது. சுழற்சி தளர்ந்ததும் தள்ளாடிச் சாய்கின்றது. தட்டின் இயல்பும் அதுவே. வேகத்தோடு போதிய சுழற்சியும் மட்டமான நிலையும் வாய்த்தாலன்றி அது நேரே செல்லாது.

இவற்றைப் பெறும் முறை யாது? வலக்கையாளர் தமது வலத்தோள் இலக்கை நோக்கும்படி பக்கவாட்டாக நிற்றல் வேண்டும். பெருவிரல் தட்டின் மேல் அமர, ஏனைய விரல்கள் விளிம்பின் உட்புறத்தைப் பற்றவேண்டும். பிடி தளர்ந்தாற் சுழற்சி குன்றும். கையைப் பின்னே நீட்டி, நெஞ்சை ஒட்டினாற்போல நேர்கோட்டில் தட்டை இழுக்கவேண்டும். நீரிறைக்கும் இயந்திரத்தைக் கயிறிழுத்து இயக்குபவரின் கையசைவை ஒத்தது இது. கையை வளைத்து வீசினால் தட்டு திசைமாறும்.

உடலின் இயக்கத்திற்கும் ஓர் ஒழுங்குண்டு. இடக்காலில் நின்ற பாரம் வலக்காலுக்கு மாற, இடுப்பு முதலில் திரும்பும். தோள் அதனைத் தொடரும். பின்னர் முழங்கை விரியும். மணிக்கட்டு இறுதியாகச் சொடுக்கும். இவ்வரிசை பிறழாதவரை மெலிந்த உடலினரும் தட்டை நெடுந்தூரம் செலுத்துவர்.

இவ்வாறு எறிந்த தட்டு வேகம் குறைந்ததும் இடப்புறமாகச் சாய்ந்து இறங்குவது வழக்கம். அது பிழையன்று. தேர்ந்தவர் அதனைக் கணக்கிட்டு, இலக்கிற்குச் சற்று வலப்புறமாகவே எறிவர்.

தொடக்கத்தில், கூரிய விளிம்புள்ள விரைவுத் தட்டுகளை நாடுதல் தகாது. அவை பெருவேகம் இருந்தாலன்றி நன்கு பறவா. மெதுவாகப் பறக்கும் தட்டொன்றைக் கொண்டு, நின்ற நிலையிலேயே, குறுகிய தூரத்திற்கு எறிந்து பழகுதல் நன்று. நடந்துவந்து எறிவதைப் பின்னரே கற்கலாம்.

பலத்தைக் காட்டும் ஆசையை அடக்குவதே இக்கல்வியின் கடினமான பாடம். அதனைக் கற்ற கையிலிருந்து ஒருநாள் தட்டு ஆடாமல் அசையாமல் மிதந்து செல்லும். தொலைவிலே சங்கிலிகள் கலகலவென ஒலிக்கும்.