விற்பதற்கு முன் பள்ளிக்கு வாருங்கள்

(கொடைக்கானல் வட்டாரத்தில் உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர்களுக்காக நடந்த பயிற்சியில், அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



உயர்கல்வி உதவித் திட்டங்களைப் பற்றி அரைமணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். திட்டங்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். சாப்பாட்டு வேளைக்குள் மறந்தும் போய்விடும். அதனால் இரண்டு ஜீப்புகளைப் பற்றிச் சொல்கிறேன். ஒன்று என் அப்பாவின் ஜீப். இன்னொன்று என் மாணவன் ஒருவனின் அப்பாவுடையது. இரண்டுமே கல்லூரிக்காக விற்கப்பட்டவை. முதல் ஜீப்பை விற்றதற்கு வேறு வழியில்லாத நிலை காரணம். இரண்டாவது ஜீப்பை விற்றதற்கு நான் காரணம்.

எங்கள் ஊர் கீழ்மலையில், பண்ணைக்காட்டுப் பக்கம். காப்பி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை விளையும் பூமி. அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் நிலமும் ஒரு பழைய ஜீப்பும் இருந்தன. ஒரு தோட்டத்தில் ஓடிக் கழிந்த பெட்ரோல் வண்டி அது. படுதாக் கூரை, பச்சை வண்ணம். குளிர்காலத்தில் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றினால்தான் உயிர் வரும். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டுக்கு இறங்கும். திரும்பும்போது அரிசியும் உரமும் மண்ணெண்ணெயும் ஏற்றி வரும். மேலேறும்போது வளைவுகளில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்தத் தகரக் குடத்தைப் பிடிப்பது என் வேலை.

ஊரில் யாருக்காவது பிரசவ வலி என்றால் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். எத்தனை பேரை அந்த வண்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தது என்று அப்பா கணக்கு வைத்ததில்லை. அந்த வண்டியால்தான் ஊரில் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது.

அந்தக் காலத்தில் மலைவாழையை முடிக்கொத்து நோய் அழித்துக்கொண்டிருந்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பெயர் வாங்கித் தந்த வாழை கண்ணெதிரே தோட்டம் தோட்டமாகப் போனது. தார் குறையக் குறைய ஜீப்பின் வருமானமும் குறைந்தது. 1986-இல் நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். மதுரையில் விடுதியில் தங்கி பி.எஸ்சி. கணிதம் படிக்க இடம் கிடைத்தது.

அந்த வருடம் ஆனி மாதத்தில் அப்பா ஜீப்பை விற்றார். 22,000 ரூபாய். "பொட்டப்புள்ளை படிப்புக்கு வண்டியை விக்கணுமாய்யா?" என்று என் பெரியப்பாவே கேட்டார். அப்பா அதற்குப் பதில் சொல்லவில்லை. வாங்கியவர் வண்டியைக் கிளப்பியபோது எஞ்சின் பிடிக்கவில்லை. அப்பாவே போய் ஹேண்டிலைச் சுற்றிக் கிளப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் வந்தார்.

அதன்பின் பதினேழு வருடங்கள் அப்பா அடுத்தவர் வண்டிக்கு ஓட்டுநராக இருந்தார். சொந்தத் தார்களை இறக்க மட்டக்குதிரைக்காரரிடம் வாடகை பேசினார். ஒருமுறை வத்தலக்குண்டில் எங்கள் பழைய ஜீப் சிவப்பு வண்ணத்தில் நிற்பதைப் பார்த்ததாகச் சொன்னார். "பிரேக் சரியில்லாம வச்சிருக்கான்" என்றார். அவ்வளவுதான்.

அன்று அவருக்கு வேறு வழி இருந்ததா என்று பிற்பாடு யோசித்துப் பார்த்திருக்கிறேன். முதல் பட்டதாரிக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது 2010-11-இல். வங்கிகளுக்கான மாதிரிக் கல்விக் கடன் திட்டம் வந்தது 2001-இல். 1986-இல் எங்களைப் போன்ற வீட்டுக்குத் தெரிந்த வங்கி, அடகுக்கடைதான். ஆகவே அப்பா செய்தது சரி. அதனால்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

இனி இரண்டாவது ஜீப்.

2013-இல் நான் மேல்மலையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக் கணித ஆசிரியை. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பக்கத்துப் பிள்ளைகள். பூண்டும் உருளையும் கேரட்டும் விளையும் வீடுகள். அந்த மாணவனின் அப்பாவுக்கு ஒரு டீசல் ஜீப் இருந்தது. காலையில் காய்கறி லோடு, சீசனில் சுற்றுலாப் பயணிகள், நடுவில் பள்ளிப் பிள்ளைகள். பேருந்து வராத நாட்களில் எங்கள் வருகைப் பதிவேடு நிரம்பியதே அந்த வண்டியால்தான்.

பையன் கெட்டிக்காரன். பொறியியலுக்கான கட்-ஆஃப் 200-க்கு 170-ஐத் தொட்டது. பிப்ரவரியில், கடைசி வகுப்பு முடியும் நேரத்தில், நான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன்: "எல்லோரும் கவுன்சலிங்குக்கு அப்ளிகேஷன் போட்டுடுங்க." சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது என்று நினைத்தேன். ஏப்ரலில் விடைத்தாள் திருத்தப் போனேன். மே மாதம் விடுமுறை.

ஜூன் மாதம் மாற்றுச் சான்றிதழ் வாங்க அப்பாவும் மகனும் பேருந்தில் வந்து இறங்கினார்கள்.

"வண்டி எங்கங்க?" என்று கேட்டேன்.

"வித்தாச்சுங்க டீச்சர். காலேஜுக்குப் பணம் கட்டணும்ல."

கீழே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டு இடம். ஊருக்கு வந்த ஒரு தரகர் பேசி முடித்திருக்கிறார். ஜீப் 1,60,000 ரூபாய்க்குப் போயிருக்கிறது. "கவுன்சலிங்குக்கு ஏம்ப்பா போடலை?" என்று பையனைக் கேட்டேன். அவன் சொன்ன பதிலை நான் இன்னும் மறக்கவில்லை.

"கவுன்சலிங்னா அட்வைஸ் பண்ணுவாங்கன்னு நெனச்சேன் டீச்சர். எந்த கோர்ஸ் எடுக்கணும்னு எனக்குத்தான் தெரியுமே."

விண்ணப்பிக்கும் தேதி முடிந்திருந்தது. அவன் மதிப்பெண்ணுக்குக் கலந்தாய்வில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்திருக்கும். அந்த வீட்டில் பட்டதாரி யாரும் இல்லை. முதல் பட்டதாரிச் சலுகையும் கிடைத்திருக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. மீதித் தொகைக்குக் கல்விக் கடன் கேட்டிருக்கலாம். ஜீப் வாசலிலேயே நின்றிருக்கும். இதையெல்லாம் அந்த அப்பாவிடம் அன்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நல்லா படிப்பா" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

கதை அத்தோடு முடியவில்லை. அவனுக்கு ஒரு தங்கை. ஜீப் போனபின் பேருந்தை நம்பி வந்தாள். பேருந்து வராத நாளில் வரவில்லை. இருந்தும் 2018-இல் நல்ல மதிப்பெண் எடுத்தாள். கலந்தாய்வு இணையவழியில் நடந்த முதல் வருடம் அது. விண்ணப்பத்தை நானே பக்கத்தில் உட்கார்ந்து போட்டேன். முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்ற இடம் வந்தது. அண்ணன் முந்தைய வருடம்தான் பட்டம் பெற்றிருந்தான். வீட்டில் உடன்பிறந்தவர் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழ் கிடைக்காது. அண்ணனுக்குப் பயன்படாமலே போன சலுகை தங்கைக்கும் இல்லாமல் போனது. 2013-இல் நான் சொல்லாமல் விட்ட நாலு வார்த்தை, ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளைப் பாதித்தது.

அவள் கல்விக் கடனில் படித்தாள். எதையும் விற்கவில்லை. அந்த வீட்டில் விற்க எதுவும் மிச்சமில்லை என்பதும் உண்மை.

நண்பர்களே, ஆண்டு விழாவில் நாம் பெற்றோரின் தியாகத்தைப் பாராட்டிப் பேசுகிறோம். நிலத்தை விற்றார், நகையை விற்றார், வண்டியை விற்றார் என்று சொன்னால் கைதட்டல் கிடைக்கிறது. நானும் அப்படிப் பேசியிருக்கிறேன். இப்போது அப்படி ஒன்றைக் கேட்டால், அந்த வீட்டுக்கு யார் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்றுதான் மனம் கேட்கிறது. நகையை விற்றால் நகை போகும். மலையில் ஓடும் வண்டியை விற்றால் தினசரி வருமானமே போகும். அடுத்த பிள்ளையின் படிப்புக்கான காசும் அதில்தான் வரவேண்டும்.

இன்று நம் கையில் என்னென்ன இருக்கின்றன?

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020-இல் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021-இல் வந்தது. இதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது.

கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பர் முதல். ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட் முதல். இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. மலையிலிருந்து இறங்கிப் படிக்கும் பிள்ளைக்கு அது பேருந்துக் காசு.

கல்விக் கடனில் 4 லட்சம் ரூபாய் வரை வங்கி சொத்துப் பிணை கேட்கக் கூடாது. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும். கடன் என்பதால் வட்டி உண்டு. அதையும் மறைக்காமல் பெற்றோரிடம் சொல்ல வேண்டும்.

இவையெல்லாம் அரசாணையில் இருக்கின்றன. அரசாணையிலிருந்து பூம்பாறை வீட்டு வாசல் வரை கொண்டுபோவது நம் வேலை. 2013-க்குப் பிறகு என் பள்ளியில் நாங்கள் செய்து வருவதைச் சொல்கிறேன். பெரிய செலவில்லாத காரியங்கள்.

ஒன்று: பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்ததும் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். வீட்டில் பட்டம் பெற்றவர் யார், உடன்பிறந்தவர் எத்தனை பேர், வீட்டுக்கு எதிலிருந்து வருமானம் வருகிறது என்று எழுதி வைக்கிறோம். முதல் பட்டதாரி வீடுகள் அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டு: சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் மூன்றுக்கும் பன்னிரண்டாம் வகுப்பின் அரையாண்டுத் தேர்வுக்குள் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வைக்கிறோம். மே மாதத்தில் ஓடினால் மழை, விடுமுறை, இணையம் என்று ஏதாவது ஒன்று குறுக்கே வரும்.

மூன்று: பெற்றோர் கூட்டத்தைப் பள்ளியில் மட்டும் வைப்பதில்லை. லோடு இறக்கிவிட்டு வருபவர் பகலில் வரமாட்டார். சாயங்காலம் ஊருக்கே போகிறோம். "கவுன்சலிங்" என்ற சொல்லைப் பயன்படுத்தும்போதெல்லாம் அதன் பொருளையும் சொல்கிறோம்: மதிப்பெண் வரிசைப்படி கல்லூரி இடம் ஒதுக்கும் முறை, அதற்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

நான்கு: தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து இரண்டு வாரம் பள்ளியில் ஒரு கணினி அறையைத் திறந்து வைக்கிறோம். ஆசிரியர்கள் முறை வைத்து வருகிறோம். விடுமுறைதான். ஆனாலும் தரகர் விடுமுறை எடுப்பதில்லை.

ஐந்து: ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கேள்வி கேட்கிறோம். "பிள்ளை படிப்புக்கு எதை விக்கலாம்னு இருக்கீங்க?" முதலில் தயங்குவார்கள். பிறகு சொல்வார்கள். மாடு, வண்டி, பட்டா நிலம். "எதை விற்பதற்கு முன்னாலும் ஒரு தடவை பள்ளிக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு வருகிறோம்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் இங்கே இருக்கிறீர்கள். இதில் நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். 7.5 விழுக்காட்டுக்கான கணக்கு ஆறாம் வகுப்பில் தொடங்குகிறது. ஐந்தாம் வகுப்பு முடித்து எங்கே சேர்ப்பது என்று பெற்றோர் கேட்பது உங்களிடம்தான். அப்போது இதைச் சொல்லுங்கள். அதேபோல, முதல் வகுப்புச் சேர்க்கையில் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு முதலெழுத்து என்று இருந்தால், பன்னிரண்டாம் வகுப்பில் அதைத் திருத்த அந்தப் பெற்றோர் பல நாள் கூலியை விட்டு அலைகிறார்கள். உங்கள் மேசையில் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கக் கூடியது அது.

எல்லாத் திட்டமும் எல்லாச் செலவையும் ஈடுகட்டிவிடும் என்று சொல்ல மாட்டேன். சில வீடுகளில் இன்னும் எதையாவது விற்கத்தான் போகிறார்கள். அதைத் தெரிந்து, கணக்குப் பார்த்து, கடைசி வழியாக விற்கட்டும். என் அப்பா அப்படித்தான் விற்றார். அந்த மாணவனின் அப்பாவுக்கு அந்த வாய்ப்பை நான் கொடுக்கவில்லை.

சென்ற வருடம் அவரைப் பெருமாள்மலையில் பார்த்தேன். இன்னும் அடுத்தவர் ஜீப்பைத்தான் ஓட்டுகிறார். மகனும் மகளும் வேலைக்குப் போகிறார்கள். "மகன் ஒரு வண்டி வாங்கித் தாரேங்கிறான் டீச்சர். இனி எதுக்குன்னுட்டேன்" என்று சிரித்தார். பத்து வருடம் கழித்து அன்றுதான், 2013-இல் நடந்தது என் தவறு என்று அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இப்ப வர்ற புள்ளைகளுக்குச் சொல்லிடுங்க டீச்சர்" என்றார்.

அவர் சொன்னதைத்தான் இங்கே உங்களிடம் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை உங்கள் வகுப்பில் நீங்கள் சொல்லுங்கள்.