பள்ளத்தாக்கில் ஒரு நடமாடும் வானொலி

தேனியிலிருந்து குமுளிக்குப் பேருந்தில் சென்ற மாணவர்கள் இதைக் கவனித்திருக்கக்கூடும். ஓட்டுநர் கோடைப் பண்பலையைத் திருப்பி வைத்திருப்பார். கோடைக்கானல் மலையிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் வரும் பாட்டு, சமவெளியில் தெளிவாகக் கேட்கும். லோயர் கேம்ப்பைக் கடந்து மலைச்சாலையில் ஏறத் தொடங்கியதும் ஒரு வளைவில் ஒலி மங்கி இரைச்சலாகிவிடும்; அடுத்த வளைவில் பாட்டு மீண்டும் உயிர் பெறும். பெட்டியில் கோளாறு ஒன்றும் இல்லை. இடையிலே மலை வந்து நிற்கிறது, அவ்வளவுதான். இன்று நான் சொல்லப் புகும் விஷயத்தில் பெரும்பகுதி அந்த வளைவுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது.

அமெச்சூர் வானொலி என்ற ஒரு கலை உண்டு. ஹாம் வானொலி என்பது அதன் வழக்குப் பெயர். அரசாங்கத்தின் தேர்வில் தேறி, உரிமம் பெற்று, ஊதியமோ வணிக லாபமோ கருதாமல், தனி மனிதர்கள் சொந்த நிலையம் அமைத்து ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே அது. நம் நாட்டில் அந்த உரிமத்தோடு வழங்கப்படும் அழைப்புக்குறி ‘வி.யூ.’ என்ற எழுத்துக்களில் தொடங்கும். பன்னிரண்டு வயது நிரம்பியவர் எவரும் தேர்வு எழுதலாம். ஆகவே இதைக் கேட்டுக்கொண்டிருப்போரில் பலர் இன்றே அதற்குத் தகுதி உடையவர்கள்தாம். பேசவும் கேட்கவும் ஒன்றாக அமைந்த கருவியை டிரான்ஸ்ஸீவர் என்பார்கள். காரிலோ ஜீப்பிலோ பொருத்தத்தக்க சிறிய டிரான்ஸ்ஸீவரை எப்படித் தேர்ந்தெடுப்பது, கம்பம் பள்ளத்தாக்கில் அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதே என் பேச்சு.

கையில் செல்பேசி இருக்க இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், போடிக்கு மேற்கே குரங்கணி மலையில் காட்டுத் தீ மூண்டது. மலையேற்றம் வந்திருந்தவர்கள் அதிலே அகப்பட்டுக்கொண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தனர். அந்தச் சரிவுகளில் நடந்தவர்களுக்குத் தெரியும், செல்பேசி ஊமையாகிப் போகும் மடிப்புகள் அங்கே எத்தனை என்று. ஹாம் வானொலி ஒன்று இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல நான் துணியமாட்டேன். தீ அத்தனை விரைவாக வந்தது. ஆனால் மலை மடிப்புக்குள்ளிருந்து வெளியே ஒரு வார்த்தை வருவது எத்தனை அருமை என்பதை அந்த நாள் நமக்குக் காட்டிச் சென்றது.

வேறொரு நாளையும் நினைவுகூர்வோம். 2004 டிசம்பரில், ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற அம்மையார் தம் குழுவினருடன் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தார். அந்தமானிலிருந்து உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேசுவதுதான் நோக்கம். 26ஆம் தேதி பூமி அதிர்ந்தது; கடல் பொங்கியது; தொலைபேசிகள் செயலிழந்தன. பொழுதுபோக்குக்கென்று கொண்டுசென்ற அதே கருவி அன்றே துயர்ச் செய்தி தாங்கும் கருவியாயிற்று. உறவினரின் நிலை அறியத் தவித்த குடும்பங்களுக்கு அந்தக் குழுவினர் சேதி சேர்த்தார்கள். அவர்கள் பயன்படுத்தியது சிற்றலை. இந்தச் சிற்றலையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நம் பள்ளத்தாக்குக்கு அதுவே மிகவும் வேண்டியது.

இனிக் கடைக்குப் போவோம். வானொலியில் வணிகப் பெயர்களைச் சொல்வது மரபன்று; சொல்லவும் தேவையில்லை. புதிதாக வாங்குகிறவர் கேட்கும் முதற் கேள்வி, “இது எத்தனை வாட்?” என்பதுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. மறுமுனையில் ஒலியின் வலிமையைக் காட்டும் அளவுமானியில் ஒரு படி உயர வேண்டுமானால், இங்கே ஆற்றல் நான்கு மடங்காக வேண்டும். 25 வாட்டை 100 வாட்டாக உயர்த்தினால் ஒரே ஒரு படிதான் ஏறும். அதே படியை, ஏரியலை நல்ல இடத்தில் வைத்துச் செலவில்லாமல் பெற்றுவிடலாம். நடுவில் மேகமலை நின்றால் 25 வாட்டும் 100 வாட்டும் ஒன்றே.

ஆகையால் முதலில் ஏரியலைக் கவனியுங்கள். ஹாம்களுக்கு இந்தியாவில் ஒதுக்கிய இரண்டு மீட்டர் அலை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. அதற்குக் கால் அலை நீளம் ஏறத்தாழ அரை மீட்டர். அரை மீட்டர்க் கம்பி ஒன்றைக் காரின் கூரை நடுவே நிறுத்தினால், கூரைத் தகடே அதற்குத் தரையாக அமைந்து, எல்லாத் திசையிலும் அலை சமமாகப் பரவும். அழகு கருதிப் பின்புற பம்பரில் பொருத்துவோர் உண்டு. அப்போது காரின் உடலே ஒரு பக்கத்தை மறைத்துவிடுகிறது.

இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்லும் இயல்புடையது. எனவே உயரமே அதன் உயிர். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட கோடைக்கானலிலிருந்து, தடை இல்லையென்றால், 150 கிலோமீட்டருக்கு அப்பாலும் எட்டும். மலையுச்சியில் ஹாம்கள் அமைக்கும் ‘ரிப்பீட்டர்’ என்ற மறு ஒலிபரப்பி, ஒரு அலைவெண்ணில் நம் குரலைக் கேட்டு, 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி வேறொன்றில் திரும்ப ஒலிக்கும். ஆகவே வாங்கும் கருவியில் இந்த இடைவெளியை அமைக்கும் வசதியும், ரிப்பீட்டரின் கதவைத் திறக்கும் மெல்லிய தொனியை எழுப்பும் வசதியும் கட்டாயம் இருக்க வேண்டும். முகப்பைத் தனியே கழற்றி ஓட்டுநர் அருகே வைத்து, பெட்டியை இருக்கைக்கு அடியில் வைக்கும் அமைப்பு சிறிய கார்களுக்கு நல்லது. பொத்தான்கள் குறைவாக இருக்கட்டும். நூறு வித்தைகளை மூன்று பொத்தான்களுக்குள் ஒளித்துவைத்த கருவிகளை விட, ஒலியளவுக்கும் அலைவெண்ணுக்கும் தனித்தனித் திருகு உடைய எளிய கருவியே இருட்டில் கை கொடுக்கும். போடிமெட்டு வளைவுகளில் பேசிக்கொண்டே ஓட்டுவதோ கூடவே கூடாது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் முதன்முதலில் கருவியைச் சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகி இணைத்தேன். கேட்கும்போது எல்லாம் ஒழுங்காக இருந்தது. உத்தமபாளையம் அருகே பேசுவதற்காகப் பொத்தானை அழுத்தினேன். கருவி அணைந்து போயிற்று. விட்டால் எரிந்தது, அழுத்தினால் அணைந்தது. கருவி கெட்டுவிட்டதென்று அரை நாள் வருந்தினேன். கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் அந்த வருத்தம் வந்திராது. கேட்கும்போது ஓர் ஆம்பியருக்கும் குறைவாக உண்ணும் கருவி, 100 வாட்டில் பேசும்போது 20 ஆம்பியர் கேட்கும். கம்பியிலும் இணைப்பிலும் பத்தில் ஒரு ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் வழியில் தொலைந்துபோகும். 12 வோல்ட் 10 ஆகிவிட்டால் கருவி மயங்கி விழாமல் என்ன செய்யும்? பாட்டரியிலிருந்து நேராகத் தடித்த செம்புக் கம்பி இழுத்து, பாட்டரிக்கு அருகிலேயே இரண்டு கம்பிகளிலும் பியூஸ் வையுங்கள்.

இப்போது சிற்றலைக்கு வருவோம். கூடலூரில் நிற்பவர், மேற்கே ஏலமலைக்கும் கிழக்கே மேகமலைக்கும் நடுவே ஒரு தொட்டிக்குள் நிற்பதுபோல நிற்கிறார். பென்னிகுயிக்கின் பெரியாற்று அணை 1895இல் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த வழியாக அதன் தண்ணீர் நம் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தது. அலைக்கு மலையைக் குடைய வேண்டியதில்லை. நேரே வானத்தை நோக்கி எறிந்தால் போதும். 7 மெகாஹெர்ட்ஸ் அளவிலுள்ள நாற்பது மீட்டர் அலை, பகற்பொழுதில் செங்குத்தாக மேலே சென்று, அயனி மண்டலத்தில் பட்டு, மழை போலச் சுற்றுப்புறம் முழுவதும் இறங்குகிறது. மதுரை, திருச்சி, கொச்சி எல்லாம் அந்த மழைக்குள் நனையும். மலை குறுக்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

ஆனால் இதிலே ஒரு சிக்கல் உண்டு. நாற்பது மீட்டருக்குக் கால் அலைக் கம்பியே 10 மீட்டர். ஓடும் காரில் அதை எப்படி நிறுத்துவது? சுருள் கோத்த இரண்டு மீட்டர்க் குச்சிகள் கடையில் கிடைக்கின்றன. அவை ஊட்டிய ஆற்றலில் பெரும்பங்கைச் சூடாக்கி வீணடிப்பவை. அதிலும் செங்குத்துக் குச்சி மேல்நோக்கி அலை அனுப்புவதே குறைவு. என் அபிப்பிராயம் இதுதான்: காரை நிறுத்துங்கள். 20 மீட்டர் நீளக் கம்பியை நடுவில் இரண்டாகப் பிரித்து, அந்த இடத்தில் கருவியின் கேபிளை இணைத்து, இரு முனைகளையும் கயிற்றால் இரண்டு தென்னைமரங்களுக்கிடையே மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் கிடையாகக் கட்டுங்கள். இத்தனை தாழ்வாகவா என்று ஐயுற வேண்டாம். மேல்நோக்கி எறிவதற்கு இந்தத் தாழ்வு போதும். திராட்சைப் பந்தலின் இரும்புக் கம்பிகளுக்கு மேலே கட்டிவிட்டு, அலை போகவில்லை என்று கருவியை வைதவர் ஒருவரை நான் அறிவேன். மின்வாரியக் கம்பி அருகில் இருந்தால் அந்த இடத்தையே விட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஆகவே கம்பம் பள்ளத்தாக்கில் ஒரே கருவிதான் வாங்க முடியும் என்றால், சிற்றலையும் இரண்டு மீட்டரும் ஒருங்கே உடைய சிறிய பெட்டியை வாங்குங்கள். அது அதிக விலையாகும். பழைய கருவியாக இருந்தாலும் குற்றமில்லை. உரிமம் உள்ள ஒருவர் முன்னிலையில் சோதித்து வாங்குங்கள். உரிமம் பெறும் முன் பேசுவது சட்டப்படி குற்றம்.

கருவியைப் பொருத்தியபின் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேனியில் ஒருவரை நிலையத்தில் அமர்த்திவிட்டு, வீரபாண்டி, சின்னமனூர், கம்பம் என்று நின்று நின்று பேசிக்கொண்டே போங்கள். எங்கே தெளிவு, எங்கே மங்கல், எங்கே மௌனம் என்று வரைபடத்தில் மூன்று நிற மையால் குறியுங்கள். சாலையில் பத்தடி முன்னே நகர்ந்தால் மௌனம் பேச்சாக மாறும் இடங்கள் சில அகப்படும். அவற்றுக்கு எதிரே மைல்கல் எண்ணையும் எழுதுங்கள். நாங்கள் குமுளி வரை முடித்துவிட்டோம். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலை மட்டும் எங்கள் தாளில் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் அதையும் முடித்துவிட எண்ணியிருக்கிறோம்.