பிள்ளை பிறந்த வீட்டில் வாப்பா எங்கே?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 

தாய் சேய் நலம் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதை நம் மருத்துவமாதுக்கள் என்னைவிட நன்றாகப் பேசுவார்கள். நான் வாப்பாமாரைப் பற்றிப் பேசப் போகிறேன், அதுவும் என் வீட்டு வாப்பாவைப் பற்றி. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். "பேரச் சொல்லாம சொல்லுங்க" என்றார்.

2022ஆம் ஆண்டு உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு மூத்தவளுக்கு மூன்று வயது, இளையவனுக்கு நான்கு மாதம். என் மாப்பிள்ளை மருதமுனைக்காரர், கைத்தறி வியாபாரம். நூலும் சாயமும் வெளிநாட்டிலிருந்து வருபவை. மார்ச் தொடக்கத்தில் டொலர் இருநூறு ரூபாய் அளவில் இருந்தது. மே மாதம் முந்நூற்று அறுபது. பழைய விலைக்கு ஓடர் எடுத்திருந்தார். நெசவாளருக்குக் கூலி கொடுக்க வேண்டும். மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. வேர்த்து அழுகிற பிள்ளைக்கு விசிறிக்கொண்டு இருந்துவிட்டு, விடியமுன் எழும்பிப் பெற்றோல் வரிசைக்குப் போவார்.

இரவுச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. எதற்கெடுத்தாலும் சீறுவார், அல்லது நாள் முழுக்க ஒரு சொல் பேசமாட்டார். இஷாவுக்குப் போனவர் பதினொரு மணிக்குத்தான் வருவார். "என்ன மச்சான்?" என்றால், "ஒண்டுமில்ல." கிளினிக்கில் முன்பின் தெரியாத பெண்ணின் முகத்தைப் பார்த்தே நித்திரையில்லை என்று கண்டுபிடிக்கிற நான், வீட்டில் என்ன சொன்னேன் தெரியுமா? "நானும்தான் களைச்சிருக்கன்." பிறகு, "பொறுமையா இரிங்க, எல்லாருக்கும்தானே கஷ்டம்." பிறகு அதைவிட மோசமாக, என் தங்கையின் மாப்பிள்ளையோடு ஒரு ஒப்பீடு. இந்த மூன்றையும் சொல்லாத மனைவி இந்த மண்டபத்தில் இருந்தால் கையை உயர்த்துங்கள்.

நம் கரையோரத்து வழமையை ஒருதரம் யோசித்துப் பாருங்கள். வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். குடியும் தாய் வழிதான். அக்கரைப்பற்றில் வருடக்கணக்காக ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2008இல் இதைப் பற்றிப் பெரிய புத்தகமே வெளியிட்டிருக்கிறார். பிள்ளைத்தாய்ச்சிக்கு இதைப்போல நல்ல ஏற்பாடு வேறு எங்கும் உண்டா என்று எனக்குச் சந்தேகம். உம்மா, உம்மம்மா, சாச்சி எல்லாரும் சுற்றி இருப்பார்கள். சரக்குக் கறி, வெந்நீர்க் குளிப்பு, நாற்பது நாள் கவனிப்பு. வெளிநாட்டில் தனியே பெற்ற தோழிகளைக் கேட்டால் இதன் அருமை சொல்வார்கள்.

அந்த நாற்பது நாளும் வாப்பா எங்கே இருக்கிறார்? முன் விறாந்தையில். அது அவருடைய வீடும் இல்லை, அறைக்குள் அவருக்கு வேலையும் இல்லை. என் உம்மா என் மாப்பிள்ளையோடு நேரே பேசமாட்டா, கதவுக்குப் பின்னால் நின்று பிள்ளையிடம் சொல்வது போலச் சொல்லுவா. மரியாதைதான். ஆனால் வியாபாரம் உடைந்த ஒரு மனிதன், மாமியார் வீட்டில், மனைவியின் சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டு யாரிடம் போய் அழுவான்?

தாய்மாருக்கு நாங்கள் ஒரு கேள்விக்கொத்து வைத்திருக்கிறோம். எடின்பரோ அளவுகோல், 1987இல் வந்தது, பத்தே கேள்வி. தந்தையரிடமும் அதைப் பயன்படுத்தலாம். 2010இல் பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை, கர்ப்ப காலம் முதல் பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை தந்தையரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதாகச் சொன்னது. மூன்று முதல் ஆறு மாதத்தில்தான் அதிகம். என் மகன் அந்த வயதில்தான் இருந்தான். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் நிறையும் ஊசியும் எழுத இடமிருக்கிறது. வாப்பாவின் நித்திரையை எழுத இடமில்லை. அரச உத்தியோகத்தரான தந்தைக்கு லீவே மூன்று நாள்தான்.

எங்கள் வீட்டில் மாற்றம் வந்தது என் வைத்தியப் படிப்பால் அல்ல. ஒருநாள் உம்மாவுக்கு முதுகுப்பிடிப்பு, நான் இரவுக் கடமை முடிந்து வந்து விழுந்து கிடக்கிறேன். பிள்ளையைக் குளிப்பாட்ட ஆளில்லை. "நான் குளிப்பாட்டுறன்" என்றார். உம்மா உள்ளே இருந்து, "ஆம்புளைக்கு அதெல்லாம் சரிவராது!" என்றா. நானும் எழும்பப் பார்த்தேன். எழும்பவில்லை, உண்மையைச் சொன்னால் எழும்ப முடியவில்லை. இந்தப் பாடசாலையில் மனையியல் பாடத்தில் டீச்சர் பொம்மையை வைத்துச் சொல்லித் தந்தது போல, படுத்தபடியே சொன்னேன்: முழங்கையால் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள், கழுத்துக்குக் கை கொடுங்கள். காதுக்குள் கொஞ்சம் தண்ணீர் போனது. பிள்ளை சிரித்தான். அடுத்த நாளும் அவரே குளிப்பாட்டினார். பெண்கள் நாங்கள் நாலு பேர் சுற்றி நின்று பிழை பிடிப்பதை நிறுத்த ஒரு கிழமை பிடித்தது. அதுதான் எங்களுக்குக் கஷ்டமான வேலை!

பிறகு இரவைப் பிரித்தோம். பத்திலிருந்து இரண்டு வரை ஒருவர், இரண்டிலிருந்து ஆறு வரை மற்றவர். நான் பால் எடுத்து வைத்துவிடுவேன். உடையாத நான்கு மணி நேர நித்திரை செய்வதை நான் எழுதுகிற பல மருந்துகள் செய்யாது. கடன் கணக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும், கொப்பியும் பேனையுமாக. மற்ற நாளில் அந்தப் பேச்சு இல்லை. அவர் பேசினால் நான் வழி சொல்வதில்லை. எனக்கு அது இன்னும் சரியாக வரவில்லை, வாய் துடிக்கும்.

அப்படி ஓரிரவு கடனைப் பற்றித் தொடங்கினார். போய் நின்றது 2004 டிசம்பர் 26இல். கையை விட்டுப் போன தம்பியைப் பற்றி, கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் முதல்முறை பேசினார். அன்று இருபதுகளில் இருந்த நம் ஊர் ஆண்கள் மையித்துகளைத் தூக்கி அடக்கிவிட்டு வேலைக்குப் போனவர்கள். இன்று அவர்கள்தான் நம் பிள்ளைகளின் வாப்பாமார்.

மட்டக்களப்பில் ஒரு மனநல வைத்தியரிடம் போனோம். ஏன் மட்டக்களப்பு? ஊரில் யாரும் கண்டுவிடக்கூடாது என்றுதான். வைத்தியராகிய எனக்கே அந்த வெட்கம் இருந்தது. ஆறு மாதம் மருந்து, கதை. இப்போது நிறுத்தியாயிற்று. தறிகளில் பாதிதான் ஓடுகிறது. கடன் முடியவில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் நித்திரையும் சாப்பாடும் குழம்பினால், பிள்ளையைக் கண்டும் முகம் மாறாவிட்டால், "நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நல்லம்" என்று ஒருதரம் சொன்னாலும், வெள்ளிக்கிழமைக் கணக்குக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம். இன்னொன்று: மன உளைச்சல் அடிப்பதற்கான அனுமதிச் சீட்டு அல்ல. உங்களிலோ பிள்ளையிலோ கை வைத்தால் அது நான் இன்று பேசிய விஷயமே இல்லை. அதற்கு 1938. பொறுமையாக இருங்கள் என்று யார் சொன்னாலும் நான் சொல்லமாட்டேன்.

பகல் சாப்பாடு ஆயத்தம் என்று செயலாளர் கண் காட்டுகிறா. நான் பின் வாங்கில்தான் இருப்பேன், கேட்க இருந்தால் வாருங்கள். "எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆள்ட மாப்பிள்ளைக்கு" என்று தொடங்கினாலும் பரவாயில்லை. யாருடைய மாப்பிள்ளை என்று கேட்கமாட்டேன்.