அந்தமானில் பிறந்த மருத்துவ அறிவு அந்தமானுக்கே திரும்ப வேண்டும்



1988ஆம் ஆண்டு தொடங்கி, வடக்கு அந்தமானின் டிக்லிப்பூர் பகுதியில் மழைக்காலந்தோறும் ஒரு காய்ச்சல் பரவியது. நெல்வயலில் உழைத்தவர்கள் நுரையீரலில் இரத்தம் கசிந்து மாண்டனர். காரணம் அறியப்படாததால் ‘அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்றே அது அழைக்கப்பட்டது. அது எலிக்காய்ச்சல் என்பதை 1990களில் கண்டறிந்தது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் போர்ட் பிளேர் வட்டார மையம். வடக்கு அந்தமானில் 782 பேர் பங்கேற்ற ஆய்வொன்று 2000இல் வெளியாயிற்று. டாக்சிசைக்கிளின் மாத்திரை தொற்றைத் தடுக்காவிடினும், அது நோயாக முற்றுவதைக் குறைக்கிறது என்று அந்த ஆய்வு காட்டியது.

உழைப்பாளிகளின் உடலிலிருந்தும் மக்களின் வரிப்பணத்திலிருந்தும் பிறந்த இத்தகைய அறிவு பெரும்பாலும் கட்டண ஆய்விதழ்களுக்குள் பூட்டப்படுகிறது. 2024 நவம்பரில் ஒன்றிய அரசு 6,000 கோடி ரூபாயில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தை அறிவித்தது. அதன் பயன் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் ஒன்றிய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்குமே உரியது. தீவின் ஆரம்ப சுகாதார நிலையம் அப்பட்டியலில் இல்லை.

ஆய்வுக் கட்டுரை கிடைத்தாலும், நள்ளிரவில் நோயாளியின் முன் நிற்கும் செவிலியருக்கு அது போதாது. அவருக்குத் தேவை சிகிச்சை வழிகாட்டு நெறிமுறை. 2019 முதல் ஐ.சி.எம்.ஆர். ஒரு பக்க வரைபடங்களாகச் சிகிச்சை நெறிமுறைகளை இலவசமாக வெளியிட்டு வருவது வரவேற்கத்தக்கது. அடுத்த படியையும் எடுத்தாக வேண்டும். காய்ச்சல் எத்தனை நாள், வயலில் இறங்கினாரா, கண் மஞ்சளா, சிறுநீர் குறைந்ததா என ஒவ்வொன்றாகக் கேட்டு, எந்தச் சோதனை, எந்த மருந்து, எப்போது போர்ட் பிளேருக்கு அனுப்புவது என்று வழிநடத்தும் கருவியாக நெறிமுறை மாற வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021 முதல் இத்தகைய எண்மவழி நெறிமுறைகளை முன்வைத்து வருகிறது. மலேரியா, டெங்கு, எலிக்காய்ச்சல் மூன்றும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே தோன்றும் தீவில், இது உயிர் காக்கும் வேலை.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கம்பிவடம் அந்தமானை எட்டியது. அதை நிறைவேற்றியது பொதுத்துறை நிறுவனமான பி.எஸ்.என்.எல். ஆயினும் வடம் கரையேறிய இடத்துக்கு அப்பால், அலைவரிசை இல்லாத குடியிருப்புகள் உள்ளன.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. பொதுப்பணத்தில் உருவாகும் நெறிமுறைகள் அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும். இணையம் அறுந்தாலும் அவை கைபேசியில் இயங்க வேண்டும். நோயாளிக்கான விளக்கம் தமிழ், வங்கம், இந்தி, நிக்கோபாரி மொழிகளில் அமைய வேண்டும். களத்தில் பணியாற்றும் செவிலியரும் சுகாதார ஊழியரும் திருத்தங்களை முன்மொழிய வழி வேண்டும். நோயாளிகளின் விவரங்கள் தனியார் கைக்குப் போகக் கூடாது.

செயலி எதுவும் மருத்துவருக்கு மாற்றாகாது. காலிப் பணியிடங்களை நிரப்பாமலும் மருந்தை இருப்பில் வைக்காமலும் திரையை மட்டும் நீட்டுவது ஏமாற்று வேலை. நிரந்தர ஊழியர், போதிய மருந்து, திறந்த அறிவு ஆகிய மூன்றும் சேர்ந்ததே மக்கள் மருத்துவம். இதைத் தீவுதோறும் மக்களிடம் கொண்டு செல்வது கட்சிக் கிளைகளின் கடமை.