எந்தக் கையில் பொல்லு?

பாமன்கடை வீதியில் காலையில் உலாவப் புறப்படும் முதியவர்களுள், நோகிற இடுப்பின் பக்கத்துக் கையிலேயே பொல்லைப் பிடிப்போர் சிலரைக் காண்கிறேன். பார்வைக்கு நியாயமாகத் தோன்றினும் சரீர சாஸ்திரம் அதற்கு நேர்மாறானது. ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில், இடுப்பு சரியாதபடி பக்கத் தசைகள் இழுத்துப் பிடிப்பதனால், தொடையெலும்பின் தலைமீது தேகபாரத்தைப் போல் ஏறத்தாழ இரண்டரை, மூன்று மடங்கு அழுத்தம் விழுகிறது. எதிர்ப்பக்கக் கையில் ஊன்றிய பொல்லோ, மூட்டிலிருந்து தூரத்தே நிற்பதால், நீண்ட நெம்புகோல்போலச் சிறு விசையாலேயே பெரும்பாரத்தைக் குறைத்துவிடுகிறது. கைத்தடியை எறிந்துவிடாதீர் என்று 1956இல் அமெரிக்க எலும்பு வைத்தியர் வால்டர் புளவுண்ட் ஒரு கட்டுரைக்கே தலைப்பிட்டார். வலது இடுப்பில் நோவா? பொல்லை இடக்கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கை தொங்குகையில் அதன் பிடி மணிக்கட்டு மட்டத்தில் இருக்கட்டும்.